ஒரு நேரத்தில் ஒரு திரை

பெப்ரவரி 7, வெள்ளி

இன்றைக்கு மானம் போயிற்று.

முதல் வெள்ளி. எங்கள் ஒழுங்கை வீடுகளின் செபக்கூட்டம் இம்முறை எங்கள் வீட்டில். பதினாறு பேர், பத்துக் கதிரை. செபமாலை முடிந்து ஒவ்வொருவராகக் கருத்துச் சொல்லி மன்றாடும் நேரம். பிலோமினா அக்கா தன் முழங்காலுக்கு மன்றாடினார். முன்வீட்டு எட்வேட் மகளின் பரீட்சைக்கு. என் முறை வந்தபோது தலைக்குள் என்ன இருந்ததோ அதுதான் வாயிலும் வந்தது.

"ஆஸ்பத்திரியில உயிருக்குப் போராடுற மாதங்கிக்காக மன்றாடுவோம்."

பதினாறு பேரும் ஒரே குரலில் "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்றார்கள். மனைவி செலீன் மட்டும் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். இருபத்தேழு வருடமாக எனக்குத் தெரிந்த பார்வை.

மாதங்கி எங்கள் சொந்தக்காரி இல்லை. ஏழரை மணிக்குப் போகும் 'மாதங்கி இல்லம்' தொடரின் மூத்த மருமகள்.

தேநீர் குடிக்கும்போது பிலோமினா அக்கா விடவில்லை. "ஆர் ஒஸ்வால்ட் இந்த மாதங்கி? செலீன்ட சிலாபத்துப் பக்கமா?"

"தூரத்துச் சொந்தம், அக்கா."

"என்ன வருத்தம்?"

"கிட்னி."

"எங்கட மருமகன் ஒராள் ஆஸ்பத்திரியில வேலை செய்யிறான். வார்ட் நம்பரைச் சொல்லுங்கோ, போய்ப் பார்க்கச் சொல்லுறன்."

மகள் றஷ்மி பிஸ்கட் தட்டை அப்படியே வைத்துவிட்டுக் குசினிக்குள் ஓடினாள். அவள் சிரித்த சத்தத்தை இருமல் என்று சொல்லிச் சமாளித்தேன். பிறகு அவளே இதைக் குடும்ப வட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டாள். தோஹாவிலிருந்து மகன் பிறெடி சிரிக்கிற முகம் மூன்று அனுப்பினான். முன்பென்றால் முப்பது அனுப்புவான்.

பெப்ரவரி 16, ஞாயிறு

'பன்னிரண்டாம் கதவு' பார்த்து முடித்தோம். பத்துப் பகுதி. பிறெடி சிபாரிசு செய்து, இரண்டு பக்கமும் ஒரே கிழமையில் பார்ப்பதென்று பேச்சு. அக்கவுண்ட் அவனுடையது. ஒரு நேரத்தில் ஒரு திரையில்தான் ஓடும். அதனால் வெள்ளிக்கிழமை, அவனுடைய ஓய்வுநாள், முழுக்க அவனுக்கு. மற்ற நாட்களில் பின்னேரம் எங்களுக்கு. இந்தச் சட்டத்தை அவன்தான் எழுதினான். தோஹாவில் ஒரு கட்டடக் கொம்பனியில் ஸ்டோர் பார்க்கிறவன், எல்லாவற்றுக்கும் ஒரு பட்டியல் வைத்திருப்பான்.

தொடர் முடிந்ததும் என் கருத்தை வொய்ஸில் குழுவில் போடுவது வழக்கம். சாதாரண தரப் பரீட்சையில் கணக்கை இரண்டாம் முறை பாஸ் பண்ணினவனுக்கு விமர்சகர் பட்டம் இந்த வீட்டில்தான் கிடைக்கும். இன்றைக்கும் வெளுத்து வாங்கினேன். பத்துப் பகுதியில் ஒருவரும் ஒழுங்காக ஒரு பீங்கான் சோறு சாப்பிடவில்லை என்றேன். எந்த இரகசியம் பேசினாலும் அதற்கென்றே ஒருத்தி கதவுக்குப் பின்னால் நிற்கிறாள் என்றேன். போலீஸ்காரன் சப்பாத்தோடு கட்டிலில் ஏறுகிறான், அவன் தாய் வளர்த்த விதம் பிழை என்றேன்.

கடைசியில் கதிர்வேலுக்கு வந்தேன். வெளிநாட்டு வேலை போய், சொல்லாமல் கொள்ளாமல் பெட்டியோடு படியேறி வருகிற மூத்த மகன். தகப்பன் கதவைத் திறக்கவில்லை. அந்தக் கட்டம் வந்தபோது எனக்கு என்னவோ பற்றிக்கொண்டு வந்தது.

"என்ன முகத்தோட வாறான் இவன்? கக்கூஸ் கழுவியெண்டாலும் அங்க நிண்டிருக்கலாம். நான் அந்தத் தகப்பன் எண்டாலும் திறந்திருக்க மாட்டன். பன்னிரண்டு கதவில எனக்குப் பிடிச்ச ஒரே கதவு அந்த மூடின கதவுதான்."

றஷ்மி கை தட்டினாள். கடைசி வசனம் எனக்கே பிடித்துப்போய் இரண்டு தரம் போட்டுக் கேட்டேன்.

ஆனால் ஏன் அவ்வளவு சூடு ஏறியது? ஒரு நடிகன் வெறும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வருகிறான். அதற்கு எனக்கு ஏன்? சரி, விடு.

பெப்ரவரி 20, வியாழன்

பிறெடி இன்னும் கருத்துச் சொல்லவில்லை. ஒரு கட்டைவிரல் மட்டும் அனுப்பினான். நான் ஒன்று சொன்னால் எதிராக ஆறு நிமிடம் பேசுகிற பிள்ளை.

மார்ச் 4, செவ்வாய்

நாளைக்கு விபூதிப் புதன். செலீன் சட்டம் போட்டுவிட்டாள். இந்தத் தபசு காலம் முழுக்க, உயிர்ப்பு ஞாயிறு வரைக்கும் நாற்பது நாள், இறைச்சியும் இல்லை, தொடரும் இல்லை. இறைச்சி எனக்குப் பெரிய விஷயமில்லை, ஆட்டிறைச்சியை நினைத்தாலே பிரஷர் ஏறுகிறது என்று டொக்டர் ஏற்கெனவே பயப்படுத்தி வைத்திருக்கிறார். தொடர்தான்.

"மாதங்கிக்கு ஒப்பரேஷன் நாளைக்கு" என்றேன்.

"அவளுக்குத்தான் பதினாறு பேர் மன்றாடியாச்சே. தப்பிருவாள்."

பிறெடியையும் வீடியோவில் பிடித்து வாக்குக் கேட்டாள். "நாலு பேரும் சேர்ந்து செய்யிற ஒறுத்தல், மகன். ஒராள் உடைச்சால் எல்லாற்ற ஒறுத்தலும் உடைஞ்சமாதிரி."

"சரி மம்மி" என்றான். கொஞ்சம் மெலிந்தமாதிரி இருந்தான். போனின் கோணமாக இருக்கும்.

மார்ச் 7, வெள்ளி

மூன்று நாள் ஆயிற்று. ஏழரை மணிக்குக் கை தானாக ரிமோட்டைத் தேடுகிறது. எழும்பி யன்னலடிக்குப் போகிறேன், திரும்பி வருகிறேன், குளிர்சாதனப்பெட்டியைத் திறந்து பார்க்கிறேன், மூடுகிறேன். நேற்று பத்திரிகையில் மரண அறிவித்தல் எல்லாவற்றையும் வாசித்தேன். அதிலும் ஒரு குடும்பக் கதை இருக்கத்தான் செய்கிறது.

புறக்கோட்டைக் கடையில் என்னோடு பில் எழுதுகிற அஹ்ஸனிடம் புலம்பினேன். அவனுக்கு நோன்பு.

"ஒஸ்வால்ட் அண்ணன், நான் விடியக்காலையில இரிந்து ஒரு சொட்டுத் தண்ணி குடிக்கல்ல. நீங்க டீவி பார்க்காம இரிக்கிறதுக்கு என்கிட்ட வந்து அழுறீங்க."

வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் தண்ணீரில் அடுத்த கிழமை என்ன நடக்கும் என்ற கேள்வி இல்லையே.

மார்ச் 11, செவ்வாய்

நேற்றுக் கடைவாசலில் ஈரத்தில் சறுக்கிக் கணுக்கால் வீங்கிவிட்டது. மூன்று நாள் லீவு. செலீன் செவ்வாய் என்பதால் அந்தோனியார் கோயிலுக்குப் போய்விட்டாள். றஷ்மி வகுப்புக்கு. வீட்டில் நானும் டீவியும்.

எழுதத்தான் வேண்டும்: விழுந்துவிட்டேன். தபசு காலம் தொடங்கி ஏழாம் நாள், காலை பத்து மணி பத்து நிமிடம். காலுக்குக் கீழே தலையணையை வைத்து, யன்னல் திரையை இழுத்து மூடிவிட்டு, டீவியைப் போட்டேன். பிறெடியின் அக்கவுண்டில் 'சுங்கச்சாவடி' என்று ஒரு புதுத் தொடர். அழுத்தினேன்.

ஓடவில்லை. வேறொரு இடத்தில் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், அங்கே நிறுத்தினால்தான் இங்கே ஓடும் என்று திரையில் எழுத்து வந்தது.

முதலில் எனக்குச் சந்தோஷம். ஆஹா, கூட்டுக்கு ஒரு பாவி. மம்மிக்கு வாக்குக் கொடுத்துவிட்டு அங்கே பையன் பார்க்கிறான். அப்பனுக்குப் பிள்ளை என்று தனியே சிரித்தேன்.

பிறகுதான் மணிக்கூட்டைப் பார்த்தேன். இங்கே பத்தே பத்து என்றால் அங்கே ஏழு நாற்பது. செவ்வாய்க்கிழமை. அவன் விடிய ஐந்து மணிக்கு பஸ் ஏறுகிறவன் அல்லவா?

சுகமில்லையோ?

மார்ச் 12, புதன்

காலை பத்தரை: ஓடவில்லை. பன்னிரண்டு: ஓடவில்லை. ஒன்றே கால்: ஓடியது. மூன்று செக்கனில் நிறுத்திவிட்டேன். மூன்று செக்கன் பாவத்தில் சேருமா?

மார்ச் 14, வெள்ளி

பிறெடி கோல் எடுத்தான். செலீன் பேசி முடித்து போன் என் கைக்கு வந்தது.

"எப்படி மகன் வேலை?"

"கடும் வேலை டடி. சைட்டில ஒரே தூசி. கால் எப்படி?"

"கால் கிடக்கட்டும். உனக்குச் சுகம்தானே? காய்ச்சல் கீய்ச்சல் ஒண்டும் இல்லையே?"

"ஏன் கேக்கிறீங்க?"

ஏன் கேட்கிறேன்? செவ்வாய்க்கிழமை காலை நீ டீவி பார்த்தாய் என்று சொல்ல வேண்டும். அது எப்படித் தெரியும் என்று கேட்பான். நானும் பார்க்கப் போனேன் என்று சொல்ல வேண்டும். பக்கத்தில் செலீன் வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கிறாள்.

"சும்மாதான்" என்றேன்.

இதைவிட முட்டாள்தனமாக ஒரு தகப்பன் மாட்டிக்கொள்ள முடியாது. செலீனிடம் சொன்னால் ஒறுத்தலை உடைத்தது வெளியில் வரும். அதுகூடப் பரவாயில்லை, திட்டு வாங்கிப் பழகிய உடம்பு. ஆனால் அவள் அந்த நிமிடமே போனை எடுத்துப் பிள்ளையை உலுப்பிவிடுவாள். வேலை போயிருந்தால்… போயிருக்காது. ஆனால் போயிருந்தால், அவனே சொல்லுமுன் நாங்கள் பிடுங்கி எடுத்ததாகிவிடும்.

மார்ச் 17, திங்கள்

அஹ்ஸனிடம் பொதுவாகக் கேட்பதுபோலக் கேட்டேன், அந்தப் பக்கம் நோன்பு காலத்தில் வேலை எப்படி என்று. அவன் மச்சான் ஒருவன் அங்கே இருந்தவன்.

"நோன்புக்கு நேரம் குறைச்சிருவாங்க அண்ணன். சில சைட்டில ராவையிலதான் வேலை. பகல்ல எல்லாரும் படுத்துத்தான் இரிப்பாங்க."

அவனைக் கட்டிப் பிடிக்காத குறை. பகலில் ஓய்வு, அதுதான் பார்க்கிறான்! இதற்கா ஒரு கிழமையாகச் சோறு இறங்கவில்லை? வரும் வழியில் செலீனுக்கு மாம்பழம் வாங்கினேன். "என்ன விசேஷம்?" என்றாள். "கால் சுகம்" என்றேன்.

மார்ச் 25, செவ்வாய்

நோன்புப் பெருநாள் வரட்டும். அதுவரைக்கும் ஒன்றும் நினைப்பதில்லை.

(இன்றைக்கு நான்கு தடவை போட்டுப் பார்த்தேன். மூன்று தடவை ஓடவில்லை.)

ஏப்ரல் 1, செவ்வாய்

அஹ்ஸன் பெருநாள் வட்டிலப்பம் கொண்டுவந்தான். அங்கே லீவு எத்தனை நாள் என்று கேட்டேன்.

"கொம்பனியில மூணு நாள்தான். என்ன அண்ணன், நீங்க கட்டாருக்குப் போகப் போறீங்களா?"

வட்டிலப்பம் நன்றாகத்தான் இருந்திருக்கும். நான் நாட்களை எண்ணிக்கொண்டிருந்தேன்.

ஏப்ரல் 3, வியாழன்

கடையில், நண்பகல், போனில். அங்கே ஒன்பதரை.

ஓடவில்லை.

ஏப்ரல் 7, திங்கள்

ஓடவில்லை. பத்தரைக்கும் இல்லை, பதினொன்றரைக்கும் இல்லை. நோன்பு முடிந்து, பெருநாள் முடிந்து, ஊரெல்லாம் வேலைக்குப் போய்விட்டது. என் பிள்ளை ஒரு அறையில் இருந்து 'சுங்கச்சாவடி' பார்க்கிறான். வேலை போயிற்று. இனி எனக்கு நானே கதை கட்டிச் சொல்லத் தேவையில்லை.

ஏன் சொல்லேல்ல? அதைத்தான் கேக்கிறன். நான் என்ன அடிக்கவா போறன்? சின்ன வயதிலேயே ஒரு நாளும் கை வச்சதில்லையே. சைக்கிளை அடியோடு துலைச்சிட்டு வந்து நிண்ட பிள்ளை, வாசலிலேயே "டடி துலைச்சிட்டன்" எண்டு சொன்ன பிள்ளை. இப்ப ஏன்?

பில் புத்தகத்தில் இன்றைக்கு இரண்டு பிழை. அஹ்ஸன் திருத்தினான்.

ஏப்ரல் 8, செவ்வாய்

எப்போது தொடங்கியது என்று பார்ப்போமே என்று வட்ஸ்அப் குழுவைப் பின்னோக்கித் தள்ளிக்கொண்டு போனேன். ஜனவரி முழுக்க அவன் பேச்சுத்தான். சைட்டில் பூனை குட்டி போட்டது, பாகிஸ்தான்காரன் ஒருவன் புட்டு அவிக்கப் பழகியது. கடைசிக் கிழமையோடு பேச்சுக் குறைகிறது. பெப்ரவரி 16-க்குப் பிறகு கட்டைவிரலும் சிரிக்கிற முகமும்தான்.

பெப்ரவரி 16-இல் ஒரு வொய்ஸ் இருந்தது. என்னுடையது. கடை மாடியில், ஆணி, நட்டுப் பெட்டிகளுக்கு இடையில் நின்று போனைக் காதில் வைத்துக் கேட்டேன்.

என்ன முகத்தோட வாறான் இவன். கக்கூஸ் கழுவியெண்டாலும். நான் அந்தத் தகப்பன் எண்டாலும் திறந்திருக்க மாட்டன்.

பின்னால் றஷ்மி கை தட்டுகிற சத்தமும் இருக்கிறது.

இதைப் பிள்ளை கேட்டிருக்கிறான். வேலை போன மூன்றாம் கிழமை, நான்கு பேர் படுக்கிற அறையில், தகப்பன் என்ன சொல்கிறார் என்று பார்ப்போம் என்று காதில் வைத்துக் கேட்டிருக்கிறான். ஒருவேளை அதற்காகத்தான் அந்தத் தொடரையே சிபாரிசு செய்தானோ? கடவுளே. அவன் கேட்ட கேள்விக்கு நான் பதில் சொல்லியிருக்கிறேன், கேள்வி என்றே தெரியாமல்.

ஏப்ரல் 9, புதன்

விடிய எழும்பி, செலீன் பாண் வாங்கப் போன நேரத்தில் வொய்ஸ் போட்டேன். ஐந்து தரம் அழித்து ஆறாம் தரம்.

"எல்லாருக்கும் வணக்கம். விமர்சகர் ஒஸ்வால்ட் பேசுறன். பன்னிரண்டாம் கதவைப் பற்றி நான் முந்திச் சொன்னது பிழை. திரும்ப யோசிச்சுப் பார்த்தன். அந்தக் கதையில மூளை உள்ள ஒரே ஆள் கதிர்வேல். சரிவரேல்ல, வீட்டுக்கு வந்திட்டான். வேறெங்க போறது? தகப்பன்தான் விசரன். நடிப்பும் சரியில்ல அந்தாள்."

றஷ்மி கீழே எழுதினாள்: "டடி, காய்ச்சலா?"

செலீன் பாணோடு வந்து, அதைக் கேட்டு, என் முகத்துக்கு நேரே போனை நீட்டினாள். "தபசு காலத்தில தொடரைப் பற்றிக் கதைக்கிறதும் பார்க்கிறதும் ஒண்டுதான்."

பிறெடியிடமிருந்து பகல் முழுக்க ஒன்றுமில்லை. இரண்டு நீலச் சரி விழுந்திருக்கிறது. கேட்டிருக்கிறான்.

ஏப்ரல் 10, வியாழன்

உயிர்ப்புத் திருவிழாவான பாஸ்காவுக்கு முந்திய பாவசங்கீர்த்தனம். கோயிலில் நீண்ட வரிசை. எனக்கு முன்னால் பிலோமினா அக்கா. திரும்பி, "மாதங்கி எப்படி?" என்றார். "வீட்டுக்கு வந்திட்டாள்" என்றேன். போகிற வழியில் ஒரு பொய்யைக் கூட்டிக்கொண்டு போனேன்.

ஃபாதரிடம் எண்ணிக்கை சொன்னேன். தொடர் பார்ப்பதில்லை என்ற வாக்கை நாற்பத்திரண்டு தடவை உடைத்தேன் என்று.

"நாற்பத்திரண்டு பகுதியா?"

"இல்ல ஃபாதர். நாற்பத்திரண்டு தரம் போட்டுப் பார்த்தன். ஓடினால் மூண்டு செக்கன்."

ஏன் என்று கேட்டார். சொன்னேன். மகன் வேலைக்குப் போகிறானா என்று பார்க்க.

"இனி உயிர்ப்பு ஞாயிறு வரைக்கும் அதைத் தொடக் கூடாது. அதுதான் உமக்கு அபராதம்."

ஒரு அருள்நிறை மந்திரம்கூடத் தரவில்லை. அதைத் தந்திருந்தால் நூறென்றாலும் சொல்லியிருப்பேன். இப்போது பிள்ளை என்ன செய்கிறான் என்று பார்க்க இருந்த ஒரே ஓட்டையையும் அடைத்துவிட்டார்.

ஏப்ரல் 11, வெள்ளி

பின்னேரம் நான்கரைக்கு போன். செலீன் எடுக்கப் போனாள். பிறெடி, "டடியிட்டக் குடுங்க மம்மி, ஒரு சின்ன விஷயம்" என்றானாம். போனோடு முன்வாசலுக்குப் போனேன்.

"டடி, அந்தக் கதிர்வேல்… பெட்டியோட வந்த பிறகு என்ன நடந்தது? எனக்கு மறந்துபோச்சு."

கடைசி வரைக்கும் பார்த்த பிள்ளை. நானே பார்த்தேன், அக்கவுண்டில் அவன் பெயருக்குக் கீழே, எவ்வளவு பார்த்தது என்று காட்டும் கோடு முழுக்க நிறைந்திருந்ததை. தொடரில் என்ன நடந்தது? கதவு திறக்கவில்லை. அவன் படியில் இருந்தான். அடுத்த பகுதியில் அவனைக் காணோம், அவ்வளவுதான்.

"வந்தவன்" என்றேன். "தாய் கதவைத் திறந்தவ."

"பிறகு?"

"பிறகென்ன, சாப்பிட்டவன். இடியப்பமும் சொதியும். சாப்பிட்டிட்டு ரெண்டு நாள் ஒரே நித்திரை."

"ஒருத்தரும் ஒண்டும் கேக்கேல்லையா?"

"தங்கச்சி கேட்டவள். சொக்கலட் எங்க எண்டு."

அந்தப் பக்கம் ஏதோ சத்தம். சிரிப்பா, மூக்கை உறிஞ்சினானா தெரியவில்லை.

"தகப்பன்?"

"தகப்பனுக்குக் கால் சுளுக்கு. எழும்பி வரக் கொஞ்சம் நேரமாச்சு. அதுக்குள்ள ஆக்கள் எல்லாம் அந்தாள் கோவிச்சுக்கொண்டு திறக்கேல்ல எண்டு நினைச்சுப்போட்டினம்."

வீதியில் ஒரு மீன் லொறி போய் முடிந்தது.

"டடி, அப்படி ஒரு கட்டம் அதில இல்லையே."

"பதினோராம் பகுதியைப் பார்."

"மொத்தமே பத்துத்தான்."

"அப்ப இலங்கைக்கு மட்டும் ஒண்டு கூடப் போட்டிருக்கிறாங்கள். நீ அங்க இருந்தால் எப்படித் தெரியும்?"

"சரி டடி" என்றான். "வைக்கிறன்."

செலீன் கேட்டாள், என்ன சின்ன விஷயம் என்று. தொடரைப் பற்றி என்றேன். "அப்பனும் மகனும் ஒரு நாற்பது நாள் பொறுக்க மாட்டீங்களே" என்று போனைப் பறித்துக்கொண்டு போனாள்.

ஏப்ரல் 13, குருத்தோலை ஞாயிறு

ஒன்றுமில்லை. டீவியை நேராகப் பார்க்காமல் சுற்றிப் போகிறேன். கட்டிய நாய்போல.

ஏப்ரல் 15, செவ்வாய்

புதுவருட லீவு. நடந்தேன். கொச்சிக்கடை வரைக்கும் போய், துறைமுகச் சுவரோடு திரும்பி, பிறகு இன்னொரு தரம். அவனுக்கு நான் சொன்னது விளங்கியதா? விளங்கினாலும் நம்புவானா? வொய்ஸில் ஒன்று, போனில் ஒன்று. எதை நம்புவான் பிள்ளை?

ஏப்ரல் 16, புதன்

குழுவில் ஒரு வரி. "சனிக்கிழமை காலை வாறன். பாஸ்காவுக்கு வீட்டில."

செலீன் அழுதாள், சிரித்தாள், பிறகு தலையணை உறைகளைக் கழற்றத் தொடங்கினாள். "லீவு குடுத்திட்டாங்கள் பாருங்கோ, கேக்காமலே. நல்ல கொம்பனி."

"ஓம், நல்ல கொம்பனி" என்றேன்.

ஏப்ரல் 19, சனி

கட்டுநாயக்காவில் ஒன்றரை மணித்தியாலம் நின்றோம். கண்ணாடிக் கதவு திறக்கும்போதெல்லாம் செலீன் எட்டிப் பார்த்தாள். வந்தான். மெலிவு போனின் கோணமில்லை. பெட்டி இரண்டு, போர்வை கட்டின பொட்டலம் ஒன்று. லீவில் வருகிறவன் போர்வை கொண்டுவருவதில்லை. செலீனும் அதைப் பார்த்தாள். அதை வாங்கித் தானே தூக்கிக்கொண்டாள்.

என் கையைப் பிடித்துக்கொண்டு, "கால் எப்படி டடி?" என்றான்.

"சுகம். எழும்பி வரலாம்."

வீட்டில் இடியப்பமும் சொதியும் செய்து வைத்திருந்தாள் செலீன். நான் சொல்லவில்லை. சத்தியமாகச் சொல்லவில்லை.

ஏப்ரல் 20, உயிர்ப்பு ஞாயிறு

பூசை முடிந்து வந்து, ஆறு கிழமைக்குப் பிறகு இறைச்சிக் கறி மேசையில் இருக்கும்போது, பிறெடி சொன்னான். ஜனவரி கடைசியில் கொம்பனி ஒரு சைட்டை மூடியது. முப்பது பேரை நிறுத்தினார்கள். பெப்ரவரி, மார்ச் வேறு வேலை தேடினான். காலை ஏழு மணிக்குள் விண்ணப்பம் எல்லாம் அனுப்பி முடிந்துவிடும், பிறகு நாள் நீளம்.

செலீன் கரண்டியை வைத்துவிட்டாள். "ரெண்டரை மாசம். தனிய. ஏன்டா மகன் எங்களுக்குச் சொல்லேல்ல?"

அவன் பீங்கானைப் பார்த்தான். என்னைப் பார்க்கவில்லை. அது என்னைக் காப்பாற்றத்தான்.

"சொல்லத் தெரியேல்ல மம்மி."

றஷ்மி எழும்பிப் போய் அவன் பெட்டியைத் திறந்தாள். "அது இருக்கட்டும், சொக்கலட் எங்க?" என்றாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது. பிறெடி சிரிக்கத் தொடங்கி நிறுத்த முடியாமல் கண்ணைத் துடைத்தான். நானும் கறி உறைப்பு என்று சொல்லிக் குசினிக்குப் போய்த் தண்ணீர் குடித்தேன்.

செலீன் பின்னால் வந்தாள். "உங்களுக்கு முதலே தெரியுமா?"

"எனக்கெப்படித் தெரியும்?"

அந்த இருபத்தேழு வருடப் பார்வை. "சரி" என்றாள். இன்னொரு துண்டு இறைச்சியை என் பீங்கானில் போட்டாள்.

மே 4, ஞாயிறு

பிறெடி புதன்கிழமை ஒரு இடத்துக்கு நேர்முகத்துக்குப் போகிறான். களனிப் பக்கம் ஒரு களஞ்சியம். கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். அவன் போடுகிற சேர்ட்டை றஷ்மி தேய்த்து வைத்திருக்கிறாள்.

பின்னேரம் செலீனும் றஷ்மியும் கலியாண வீடொன்றுக்குப் போய்விட்டார்கள். நானும் அவனும் 'சுங்கச்சாவடி' ஐந்தாம் பகுதி பார்த்தோம். அவன் முன்பே பார்த்தது. ஆனாலும் முடிவைச் சொல்லாமல் இருந்தான். நான் ஒன்று சொல்ல அவன் எதிராகப் பேசினான். லொறிக்காரன் நல்லவனா கெட்டவனா என்று கால் மணித்தியாலம். படத்தை நிறுத்திவைத்துப் பேசினோம். ஆறு நிமிடத்துக்கு மேலேயே பேசினான்.

நடுவில் சாதாரணமாகக் கேட்டான். "டடி, நீங்க ஒரு நாளும் வெளிநாடு போக நினைக்கேல்லையா?"

"எனக்கா? இந்தக் கொட்டாஞ்சேனைக் கொசு கடிக்காட்டி எனக்கு நித்திரை வராது, மகன்."

சிரித்தான். படத்தை ஓடவிட்டான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றைந்து, ஓகஸ்ட். குவைத். எனக்கு இருபத்திமூன்று வயது. நாற்பத்தொரு நாள். வெயிலில் இரண்டு தரம் மயங்கி விழுந்தேன், மூன்றாம் தரம் அழுதேன், அனுப்பிவிட்டார்கள். பெட்டியோடு வந்து நின்றபோது அப்பா எழும்பிப் போய் முன்கதவைச் சாத்தினார். அம்மா பின்பக்கத்தால் கூட்டிக்கொண்டு போனா. ஊருக்குச் சொன்ன கதை, நான் நீர்கொழும்பில் மாமா வீட்டில் நின்றேன் என்று. இரண்டு பேரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அதற்குப் பிறகு கலியாணம் கட்டி வந்த செலீனுக்குக்கூட அந்த நாற்பத்தொரு நாள் தெரியாது.

பிள்ளை பக்கத்தில் இருந்தான். வீட்டில் வேறு ஒருவரும் இல்லை. கேட்டும்விட்டான். வாய் வரைக்கும் வந்தது.

மகன், நானும் திரும்பி வந்தனான்.

"லொறிக்காரன் கெட்டவன்தான்" என்றேன்.